45 லட்சம் டாலர் ஒப்பந்தம்: கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: என் மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மருமகன் அமெரிக்கர், கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். 2025 டிராஃப்ட்டின், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்ச்சியின், மூன்றாம் நாளில் (கடைசி நாள்) ஒரு என்.எஃப்.எல். (தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணி அவரை எடுத்தது. நான்கு வருட ஒப்பந்தம், மொத்தம் 45.6 லட்சம் டாலர் என்கிறார்கள். அதில் சைனிங் போனஸ் (ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்குத் தரும் தொகை) 3,60,000. அணி இருக்கும் மாநிலத்தில் மாநில வருமான வரி கிடையாது. இருவரும் அங்கேயே குடிபோய்விட்டார்கள். மருமகன் தன் அம்மாவுக்கு 4 லட்சம் டாலரில் வீடு வாங்கித் தர நினைக்கிறார். அவருடைய மாமா மகன் ஜிம் ஆரம்பிக்க 1.5 லட்சம் கேட்கிறார். என் மகள் பார்மசிஸ்ட். இனி வேலை எதற்கு என்கிறாள். ஏஜென்ட் அறிமுகப்படுத்திய நிதி ஆலோசகர் ஒருவர் பவர் ஆஃப் அட்டர்னியில் கையெழுத்துக் கேட்கிறார். இந்த வீரர்களில் 78 சதவீதம் பேர் திவாலாகிவிடுகிறார்கள் என்று வாட்ஸாப்பில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்லட்டும்?
— நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி (அடையாளம் தெரியாமலிருக்க அணி, சுற்று விவரங்களை நீக்கியிருக்கிறோம்)

பதில்: அம்மா, அந்த 78-ஐ முதலில் மறந்துவிடுங்கள். 2009-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை எழுதியது அது. திவாலானவர்களையும் பண நெருக்கடியில் இருப்பவர்களையும் ஒரே கூடையில் போட்டுச் சொன்ன எண். 1996 முதல் 2003 வரை டிராஃப்ட்டில் தேர்வானவர்களை நீதிமன்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2015-ல் வந்த ஆய்வு, ஓய்வுபெற்ற 12 வருடங்களுக்குள் திவால் மனு போட்டவர்கள் கிட்டத்தட்ட 16 சதவீதம் என்றது. ஆறில் ஒருவர். அதுவும் சின்ன எண் இல்லைதான். ஆனால் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று: அதிகம் சம்பாதித்தவர், அதிக வருடம் ஆடியவர் என்பதெல்லாம் திவாலாகும் வாய்ப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை. அதனால் வருமானம் எவ்வளவு என்று பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

இப்போது 45.6 லட்சத்துக்கு வருவோம். உங்கள் மருமகனுக்கு அவ்வளவு பணம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் யாராவது பேசினால் உடனே திருத்துங்கள். ஒப்பந்தத்தைப் பிரித்தால் போனஸ் 3,60,000. மிச்சம் 42 லட்சம் நான்கு வருடச் சம்பளம்: 8,40,000, 10,05,000, 11,20,000, 12,35,000. இவை அந்தந்த வருடத்தில் அவருடைய அனுபவத்துக்கு லீக் வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளங்கள். முதல் சுற்று வீரர்களுக்கு நான்கு வருடமும் உத்தரவாதமாக வரும். 2025-ல் இரண்டாம் சுற்றில் சிலரும் அதைப் பேசி வாங்கினார்கள். மூன்றாம் நாள் வீரருக்கு வழக்கமாக உத்தரவாதம் என்பது சைனிங் போனஸ் மட்டும்தான். சம்பளம் அணியில் இருக்கும் வாரத்துக்கு மட்டும். ஆகஸ்ட் கடைசியில் 90 பேர் கொண்ட பட்டியலை 53 ஆக வெட்டுவார்கள். அன்று வெளியே போனால் 8,40,000-ல் ஒரு டாலர்கூட வராது. பிராக்டிஸ் ஸ்க்வாடில் (பயிற்சிக்கென்று வைத்திருக்கும் கூடுதல் வீரர்கள்) எடுத்துக்கொண்டால் 2025-ல் வாரத்துக்கு 13,000 டாலர். 18 வாரமும் நீடித்தால் 2,34,000. மோசமில்லை, ஆனால் 4 லட்சத்துக்கு வீடு வாங்குகிற வருமானம் இல்லை.

எத்தனை வருடம் ஆடுவார்? வீரர்கள் சங்கம் சராசரி 3.3 வருடம் என்கிறது. புதுமுகமாகவே சீசனின் முதல் நாள் அணியில் இடம்பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் சுமார் 6 வருடம் என்கிறது லீக். இரண்டுமே சரி, எண்ணுகிற ஆட்கள்தான் வேறு. திட்டம் போடும்போது 3-ஐ வைத்துப் போடுங்கள்.

முதல் வருடம் முழுக்க அணியில் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். போனஸும் சம்பளமும் சேர்த்து 12 லட்சம். மகளின் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. கணவன் மனைவி கூட்டாகத் தாக்கல் செய்தால் 2025 அட்டவணைப்படி மத்திய வருமான வரி சுமார் 3,56,000. சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரிகள் இரண்டும் சுமார் 37,000. ஏஜென்ட்டுக்கு வீரர்கள் சங்கம் அனுமதிக்கும் உச்சம் 3 சதவீதம், அதாவது 36,000. மற்ற மாநிலங்களில் ஆடுவதற்கான வரி, அதற்கான தாக்கல் செலவு என்று ஒரு 15,000 ஒதுக்குங்கள். கையில் நிற்பது ஏறக்குறைய 7.5 லட்சம்.

ஏஜென்ட் கமிஷனில் ஒரு வார்த்தை. சங்கத்தின் நிலையான ஒப்பந்தப் படிவத்தில் எதுவும் மாற்றி எழுதாவிட்டால் கமிஷன் 1.5 சதவீதம்தான். 3 என்பது கேட்டு எழுதிக்கொள்வது. புதுமுக ஒப்பந்தத்தில் தொகையைக் கிட்டத்தட்ட லீக்கின் விதிகளே தீர்மானித்துவிடுகின்றன, ஏஜென்ட் பேரம் பேச அதிகம் கிடையாது. அதனால் எந்த எண் எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டிராஃப்ட்டுக்கு முன் கொடுத்த பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் பிரிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கமிஷனை மத்திய வரியில் கழிக்கும் வழி 2018-லிருந்து இல்லை.

மற்ற மாநில வரி பலரையும் பயமுறுத்தும். கணக்கு எளிது. சீசனுக்கு முந்தைய அணிப் பயிற்சி தொடங்கியதிலிருந்து கடைசி ஆட்டம் வரை பணி நாட்கள் 170 என்று கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் ஓர் ஆட்டத்துக்கு 2 நாள் இருந்தால், 8,40,000-ல் 170-ல் 2 பங்கு, அதாவது சுமார் 9,900 டாலர் கலிஃபோர்னியா வருமானம். வரி ஆயிரம் டாலர் பக்கம் வரும். நியூயார்க் பெயர் வைத்த இரண்டு அணிகளும் உண்மையில் உங்கள் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில்தான் ஆடுகின்றன, எனவே அந்த வரி நியூ ஜெர்சிக்குப் போகும். ஆபத்து இங்கே இல்லை, ஓய்வு மாதங்களில் இருக்கிறது. பிப்ரவரி முதல் ஜூலை வரை கலிஃபோர்னியாவில் வீடு எடுத்துத் தங்கிப் பயிற்சி செய்தால், 'நீ எங்கள் ஊர்க்காரன்' என்று அந்த மாநிலம் முழு வருமானத்துக்கும் கை நீட்டலாம். டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பதிவு, வாடகை ஒப்பந்தம், வங்கி முகவரி எல்லாம் அணி இருக்கும் மாநிலத்திலேயே இருக்கட்டும். எந்த நாள் எந்த ஊரில் என்று ஃபோன் காலண்டரில் குறித்துவைத்தால் போதும், கணக்காளர் கும்பிடுவார்.

7.5 லட்சத்தை என்ன செய்வது? சம்பளம் 18 வாரங்களில் வந்துவிடும், வாரத்துக்கு 46,667 டாலர், பிடித்தம் போக 28,000 பக்கம். விரும்பினால் 36 வாரமாகப் பிரித்து வாங்கும் ஏற்பாடும் உண்டு. செலவோ 52 வாரமும் ஓடும். அக்டோபரில் வாரா வாரம் 28,000 வருவதைப் பார்த்துப் பழகியவருக்கு மார்ச்சில் கை வறண்டதும் கிரெடிட் கார்டு ஞாபகம் வரும். ஆகவே அணியிலிருந்து வரும் பணம் ஒரு கணக்கில் விழட்டும், அதற்கு டெபிட் கார்டே வேண்டாம். அங்கிருந்து மாதம் ஒன்றாம் தேதி 8,000 டாலர் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். வாடகை, கார், சாப்பாடு, ஊர் சுற்றல் எல்லாம் அதற்குள். 2012-ல் டெட்ராய்ட் லயன்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்த ரயன் பிராய்ல்ஸ், மனைவியோடு வருடத்துக்கு 60,000 டாலருக்குள் வாழ்ந்து மிச்சத்தை முதலீட்டில் போட்டவர். காயங்களால் சில வருடங்களிலேயே ஆட்டம் முடிந்தபோது அவர் தடுமாறவில்லை. உங்கள் மருமகனுக்கு அவரைவிட வருடத்துக்கு 36,000 கூடவே கொடுக்கிறேன்.

மாதம் 8,000 வீதம் வருடத்துக்கு 96,000 போக, இரண்டு வருடச் செலவுக்கு ஈடாக 1,92,000 டாலர் டிரெஷரி பில்லிலோ (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) அரசுக் கடனில் மட்டும் போடும் மணி மார்க்கெட் ஃபண்டிலோ தனியாக இருக்க வேண்டும். இதைத் தொடுவது அணி வெட்டிய பிறகுதான். லீக்கின் 401(கே) ஓய்வுச் சேமிப்புத் திட்டத்தில் 2025 உச்சமான 23,500-ஐப் போட்டுவிடச் சொல்லுங்கள். தகுதிக்கான சீசன்கள் சேர்ந்ததும் வீரர் போடும் ஒரு டாலருக்கு லீக் இரண்டு டாலர் போடும் திட்டம் அது. இதைவிட நல்ல முதலீட்டை எந்த ஆலோசகரும் கொண்டுவர மாட்டார். குடும்பத்துக்கென 60,000, கீழே சொல்கிறேன். மிச்சம் 3.75 லட்சத்துக்கு மேல் வரும். அது குறைந்த செலவுள்ள இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுபவை). 23 வயதில் போட்ட 3.75 லட்சம், பணவீக்கம் போக வருடத்துக்கு 5 சதவீதம் வளர்ந்தால், 55 வயதில் இன்றைய மதிப்பில் சுமார் 18 லட்சம். ஒரே ஒரு சீசன் ஆடியதற்கு இது. இரண்டாம் சீசன் கிடைத்தால் அடுத்த வருடமும் இதே போல.

அந்த 55 வயதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. லீக்கின் ஓய்வூதியம் 55-ல்தான் முழுமையாகத் தொடங்கும், அதற்குத் தேவை மூன்று கிரெடிட்டட் சீசன்கள். ஒரு சீசனில் மூன்று ஆட்டங்களுக்கு முழுச் சம்பளப் பட்டியலில் இருந்தால், காயப் பட்டியலில் இருந்தாலும், ஒரு கிரெடிட்டட் சீசன். பிராக்டிஸ் ஸ்க்வாட் வாரங்கள் இதில் சேராது. ஓய்வுக்குப் பின் ஐந்து வருட மருத்துவக் காப்பீடும் இந்த மூன்றில்தான் தொங்குகிறது. நான்காவது சீசன் கிடைத்தால் தனி ஆனுவிட்டி (பின்னாளில் தவணையாகப் பணம் தரும்) திட்டமும் சேரும். ஆகவே இரண்டு சீசன் முடித்தவருக்கு ஒரு அணி பிராக்டிஸ் ஸ்க்வாடில் கூடுதல் பணம் தருகிறது, இன்னொன்று குறைந்தபட்சச் சம்பளத்துக்கு 53 பேர் பட்டியலில் இடம் தருகிறது என்றால், இரண்டாவதை எடுப்பதுதான் லாபம். ஏஜென்ட்டுகள் இந்தக் கோணத்தை எப்போதும் சொல்வதில்லை.

இனி வீடு. அம்மாவுக்கு வீடு வாங்கித் தருவது நல்ல ஆசை, அதைக் கெடுக்கச் சொல்லவில்லை. நேரம்தான் தப்பு. 4 லட்சம் என்பது முதல் வருடத்தில் மிஞ்சுவதில் பாதிக்கு மேல். வருமான வரி இல்லாத மாநிலங்கள் அதை வேறெங்காவது வசூலிக்கும். டெக்சஸில் சொத்து வரி வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை நெருங்கும், 4 லட்சம் வீட்டுக்கு வருடம் 8,000 வரை. காப்பீடு, பராமரிப்பு தனி. மகன் வாங்கிக் கொடுத்த வீட்டின் சொத்து வரியை மகன் வேலை போன பிறகு அம்மா எப்படிக் கட்டுவார்? முதல் வருடம் அவர் இருக்கும் இடத்தின் வாடகையையும் கடனையும் அந்த 60,000-லிருந்து கட்டட்டும். இரண்டாம் சீசனின் முதல் வாரத்தில் அணிப் பட்டியலில் பெயர் இருந்தால் வீடு பார்க்கட்டும். விலை அப்போது கையிலுள்ள முதலீட்டில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, பத்திரம் மகன் பெயரிலேயே இருக்கட்டும். அணி இருக்கும் ஊரில் தங்களுக்கென்று வீடு வாங்கவே வேண்டாம். நான்கு சீசன் முடியாதவரை அணி விடுவித்தால் அவர் வேவர் பட்டியலுக்குப் போவார், இன்னொரு அணி 24 மணி நேரத்தில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் வேறு ஊர். வாடகை ஒப்பந்தத்தில், டிரேட் ஆனாலோ (வேறு அணிக்கு மாற்றப்பட்டாலோ) விடுவிக்கப்பட்டாலோ 30 நாள் முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீரர்கள் வாடகைக்கு வந்து பழகிய ஊர்களில் இதைக் கேட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

மாமா மகனின் ஜிம். இதில் 1.5 லட்சம் பெரிய ஆபத்து இல்லை, கட்டட வாடகைக்குக் கேட்கப்போகும் சொந்த ஜாமீன்தான் ஆபத்து. கட்டட உரிமையாளர்கள் ஐந்து வருட வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு என்.எஃப்.எல். வீரரின் கையெழுத்தை ஆசையோடு கேட்பார்கள். ஜிம் பத்தாம் மாதம் மூடினால் போட்ட பணம் அதோடு போய்விடும். ஜாமீனோ மிச்ச நான்கு வருட வாடகைக்கும் துரத்தும். ஆகவே கடனும் வேண்டாம், பங்கும் வேண்டாம், ஜாமீன் வேண்டவே வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அன்பளிப்பாகக் கொடுக்கட்டும். 2025-ல் ஒருவருக்கு 19,000 வரை கொடுத்தால் எந்தப் படிவமும் தேவையில்லை. திரும்ப வரும் என்று எதிர்பார்க்காமல் கொடுத்தால் உறவும் மிஞ்சும். 'எங்கள் கணக்காளர் இந்த வருடம் எதையும் அனுமதிக்கவில்லை' என்று பழியை மூன்றாம் ஆள் மேல் போடலாம். கணக்காளர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

பவர் ஆஃப் அட்டர்னி: கூடாது. விளக்கம்கூடத் தேவையில்லை. பணம் ஃபிடெலிட்டி, சுவாப் போன்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தில் தம்பதியின் பெயரிலேயே இருக்கட்டும். ஆலோசகருக்கு முதலீட்டை வாங்கி விற்கும் வரம்புக்குட்பட்ட அனுமதி போதும்; பணத்தை வெளியே அனுப்பும் அனுமதி வேண்டாம். மாத அறிக்கை நேரடியாக மகளின் மின்னஞ்சலுக்கு வரவேண்டும், ஆலோசகர் தயாரித்த அழகான பிடிஎஃப்-ஆக அல்ல. ஆலோசகரின் பெயரை ஃபின்ராவின் (தரகர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) புரோக்கர்செக் தளத்தில் தேடினால் பழைய புகார்கள் இருந்தால் தெரியும், ஐந்து நிமிட வேலை. வீரர்கள் சங்கத்தின் பதிவுபெற்ற ஆலோசகர் பட்டியலில் இருப்பது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே, நற்சான்று இல்லை. ஏஜென்ட்டுக்கும் அவருக்கும் இடையில் பரிந்துரைப் பணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே ஆயுள் காப்பீட்டோடு கலந்த முதலீட்டை எடுத்து வைத்தால், கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

காயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் 'ஸ்பிளிட்' பிரிவு இருக்கிறதா பாருங்கள்: இருந்தால், காயப் பட்டியலுக்குப் போனதும் சம்பளம் குறைந்த எண்ணுக்கு இறங்கும். மூன்றாம் நாள் வீரர்களுக்கு இது சகஜம். அணிக்காக ஆடும்போதோ அணி வளாகத்தில் பயிற்சி செய்யும்போதோ காயப்பட்டால் அந்த சீசன் சம்பளம் பாதுகாக்கப்படும். வெளியே பட்டால் கதை வேறு. 2021-ல் டென்வர் பிராங்கோஸின் ஜவான் ஜேம்ஸ் அணி வளாகத்துக்கு வெளியே பயிற்சி செய்தபோது குதிகால் நாண் அறுந்தது. அணி அவரை ஃபுட்பால் சாராத காயப் பட்டியலில் வைத்தது, சுமார் 1 கோடி டாலர் சம்பளம் கைநழுவும் நிலை வந்தது. பைக், ஸ்கீயிங், தெருவோரக் கூடைப்பந்து எல்லாவற்றுக்கும் இதே விதி. காயத்தோடு வெளியேற்ற 'செட்டில்மென்ட்' தாளை நீட்டினால், ஒப்பந்தப்படி அவருக்குள்ள இரண்டாவது மருத்துவக் கருத்தை அணியின் செலவில் வாங்கிய பிறகே எத்தனை வாரச் சம்பளம் என்று பேச வேண்டும். ஆட்டம் நிரந்தரமாக முடியும் காயத்துக்கு லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் தனிப்பட்ட காப்பீடு கிடைக்கும். வாங்குமுன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். கல்லூரியில் அறுவை செய்த முழங்காலை விலக்கிவிட்டால் அந்தப் பாலிசியால் பாதிப் பயன்தான்.

உங்கள் மகளின் வேலை. விட வேண்டாம் என்பதே என் பதில், குறைந்தது மூன்றாம் கிரெடிட்டட் சீசன் வரை. அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமை காலை ஒரு தொலைபேசி அழைப்பால் நின்றுபோகாத ஒரே சம்பளம் அவளுடையது. மருத்துவக் காப்பீடும் அதோடு வரும். ஊர் மாற வேண்டியிருக்கும், பார்மசிஸ்ட் உரிமத்தை ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்ற வேண்டும் என்பது தலைவலிதான். உரிமத்தை ஒரு மாநிலத்திலாவது காலாவதியாகாமல் வைத்து, பகுதி நேரமோ வீட்டிலிருந்து செய்யும் வேலையோ பார்க்கட்டும். கணக்கைப் பார்க்கும் பொறுப்பும் அவளுடையதாக இருந்தால் நல்லது. ஆனால் அம்மா, இதையெல்லாம் மருமகனிடம் நீங்கள் சொல்லாதீர்கள். மகள் சொல்லட்டும், இல்லை ஒரு கணக்காளர் சொல்லட்டும். மாமியார் வாயிலிருந்து வந்தால் நல்ல கணக்கும் கெட்ட கணக்காகிவிடும்.

கடைசியாக உடனே பார்க்க வேண்டிய ஒன்று. போனஸில் மத்திய வரியாக 22 சதவீதம்தான் பிடித்திருப்பார்கள், அவர் விழும் வரி அடுக்கோ 37. பயப்பட வேண்டாம்: வாரச் சம்பளத்தில் வருடம் முழுக்க அதே சம்பளம் வருவதாக நினைத்து அதிகமாகப் பிடிப்பார்கள், முழு சீசன் ஆடினால் இரண்டும் ஏறக்குறைய சரியாகிவிடும். சரியாகாதது வேறு பணம். ஜனவரிக்கும் டிராஃப்ட்டுக்கும் இடையில் கல்லூரி வழியாக வந்த பெயர்-உருவ உரிமைப் பணம் (வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தருவது), வீரர் படம் போட்ட டிரேடிங் கார்டுகளில் கையெழுத்துப் போட்டதற்கு வந்த பணம் ஆகியவற்றில் யாரும் ஒரு பைசா வரி பிடித்திருக்க மாட்டார்கள். அவற்றுக்குச் சுயதொழில் வரியும் சேரும். அப்படி எவ்வளவு வந்தது என்று மகளிடம் கேட்டு, அதில் 40 சதவீதத்தை இப்போதே தனியாக எடுத்துவைத்து, செப்டம்பர் 15-க்குள் காலாண்டு முன்வரியாகக் கட்டச் சொல்லுங்கள்.